கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதல் வரிசையையும் தடுப்பு வரிசையையும் ஒப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

2024 நவம்பர் 30 அன்று கொலம்பஸ் நகரில் மிச்சிகன் அணி 13–10 என்ற கணக்கில் ஒஹாயோ ஸ்டேட்டை வீழ்த்தியது. பந்தை வீசி மிச்சிகன் எடுத்தது 62 கெஜம் மட்டுமே. அவ்வளவு குறைவாக வீசிய அணி, நாட்டின் மிகச் சிறந்த வீரர்கள் நிறைந்த அணியை அதன் சொந்த மைதானத்திலேயே எப்படி வென்றது? ஒஹாயோ ஸ்டேட் 26 முறை பந்தை ஏந்தி ஓடியது. கிடைத்தது 77 கெஜம். மிச்சிகனின் மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்டும் நடுவில் நின்று வழியை அடைத்துவிட்டார்கள். அடுத்த ஏப்ரலில் தொழில்முறை அணிகளின் வீரர் தேர்வில் கிரஹாம் 5ஆவது இடத்திலும் கிராண்ட் 13ஆவது இடத்திலும் எடுக்கப்பட்டார்கள்.

ஆனால் அதே ஒஹாயோ ஸ்டேட் அடுத்து நான்கு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று, 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் தேசிய சாம்பியன் ஆனது. அப்படியென்றால் அதன் வரிசை பலமானதா, பலவீனமானதா? இப்படிப் பொதுவாகக் கேட்டால் பதில் வராது. யாருக்கு எதிரே, வரிசையின் எந்த இடத்தில், யார் காயத்தில் இருக்கும்போது என்று கேட்டால் பதில் வரும். அந்தக் கேள்விகளை வரிசையாகக் கேட்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு நோட்டுப் புத்தகம், பதிவு செய்த ஒரு ஆட்டம், இலவசமாகக் கிடைக்கும் புள்ளிவிவரம் ஆகிய மூன்றும் போதும்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். தாக்குதல் வரிசையில் ஐந்து பேர். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, அவர்களுக்கு வெளியே டேக்கிள். எதிரே தடுப்பு வரிசையில் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பேர்: உள்ளே நிற்கும் கனமான ஆட்கள், வெளியே ஓரத்தில் நின்று குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்கிற ஆட்கள். சென்டர் பந்தைப் பின்னால் தருவது ஸ்னாப்; அதை வாங்கி வீசுபவரோ ஓடுபவரிடம் தருபவரோ குவார்ட்டர்பேக். பந்தை முன்னே வீசுவது பாஸ். 10 கெஜம் முன்னேற அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன். பந்தை எதிரணியின் இறுதி எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது டச்டவுன். பந்தை வீசுவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது சாக்.

முதல் படி: யார் நிற்கிறார்கள் என்று எழுதுங்கள்

எண்களைத் தொடுவதற்கு முன் பெயர்களை எழுதுங்கள். இடது டேக்கிளிலிருந்து வலது டேக்கிள் வரை ஐந்து பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்று குறிப்புகள்: இதுவரை எத்தனை ஆட்டங்களைத் தொடக்க வீரராக ஆடியிருக்கிறார், அவற்றில் இதே இடத்தில் எத்தனை, இந்த ஐவரும் சேர்ந்து எத்தனை. மூன்றாவது குறிப்புதான் முக்கியம். கல்லூரி வீரர்கள் எளிதாக அணி மாறும் இந்தக் காலத்தில், ஐந்து திறமையான ஆட்களை ஒரே கோடையில் சேர்த்துவிடலாம். ஆனால் பக்கத்தில் நிற்பவர் எந்த நொடியில் எந்தப் பக்கம் திரும்புவார் என்று வாய் திறக்காமல் தெரிந்துகொள்ளும் பழக்கம் ஒரு கோடையில் வராது.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். இந்த ஆட்டத்தின் அச்சாணி சென்டர். எதிரே நிற்கும் அணியின் அமைப்பைப் பார்த்து, யார் யாரைத் தடுக்க வேண்டும் என்று பெரும்பாலும் அவர்தான் குரல் கொடுக்கிறார். 2024இல் நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருதைப் பெற்றவர் ஒஹாயோ ஸ்டேட்டின் சேத் மெக்லாஃப்லின். மிச்சிகன் ஆட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன் பயிற்சியின்போது குதிகால் தசைநார் அறுந்து அவர் வெளியேறியிருந்தார். இடது டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் அக்டோபரிலேயே முழங்கால் காயத்தால் விலகியிருந்தார். அவருடைய இடத்துக்கு கார்டாக ஆடிக்கொண்டிருந்த டோனவன் ஜாக்சனை நகர்த்தியிருந்தார்கள். ஆக, அன்று கிரஹாமுக்கும் கிராண்டுக்கும் எதிரே நின்றது பருவத் தொடக்கத்து வரிசை அல்ல. அந்தப் பருவத்தின் மொத்தச் சராசரியை வைத்துக் கணித்தவர்கள் களத்தில் இல்லாத ஒரு வரிசையைக் கணித்தார்கள்.

காயம் ஏற்பட்டால் எல்லா வரிசையும் சரியும் என்று எண்ண வேண்டாம். 2023 நவம்பர் 25 அன்று, ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தில் மிச்சிகனின் வலது கார்டு ஸாக் ஜின்டருக்குக் கால் எலும்பு முறிந்தது. அவரை மைதானத்திலிருந்து எடுத்துச் சென்ற பிறகு நடந்த முதல் ஸ்னாப்பிலேயே பிளேக் கோரம் 22 கெஜம் ஓடி டச்டவுன் அடித்தார். வலது டேக்கிளாக இருந்தவர் உள்ளே கார்டு இடத்துக்கு வந்தார். வெளியே இன்னொருவர் நின்றார். ஆகவே பெயர்ப் பட்டியலில் ஆறாவது, ஏழாவது ஆட்களையும் எழுதுங்கள். அவர்கள் ஏற்கெனவே எத்தனை ஆட்டங்களில் களம் கண்டிருக்கிறார்கள் என்பது, ஐந்தாவது ஆள் எத்தனை கிலோ என்பதைவிட அதிகம் சொல்லும்.

தடுப்பு வரிசைக்கு வேறு கணக்கு. தாக்குதல் வரிசையின் ஐவரும் பொதுவாக ஆட்டம் முழுவதும் நிற்பார்கள். தடுப்பு வரிசையில் ஆட்கள் மாறி மாறி வருவார்கள். எனவே எட்டு அல்லது ஒன்பது பெயர்களை எழுத வேண்டும். முதல் நால்வருக்கும் அடுத்த நால்வருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதே நான்காம் காற்பகுதியில் அந்த அணியின் நிலையை முன்கூட்டியே காட்டும்.

இரண்டாம் படி: ஓட்டக் கணக்கைச் சுத்தம் செய்யுங்கள்

புதிதாக ஒப்பிட வருகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கல்லூரி ஆட்டத்தின் அதிகாரப்பூர்வக் கணக்கில், சாக்கில் இழந்த கெஜங்கள் ஓட்டக் கணக்கிலிருந்து கழிக்கப்படும். தொழில்முறை ஆட்டத்தில் அது அணியின் பாஸ் கணக்கிலிருந்து கழியும். அதாவது கல்லூரி அணி ஒன்றின் 'ஓட்டச் சராசரி' என்று நீங்கள் பார்க்கும் எண்ணுக்குள் ஓட்டமே அல்லாத ஒன்று கலந்திருக்கிறது.

2025 ஜனவரி 1 அன்று, பருவ முடிவில் நடக்கும் 'பௌல்' ஆட்டங்களில் ஒன்றான ரோஸ் பௌலில், ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக ஆரிகன் அணி 28 ஓட்டங்களில் எடுத்தது மைனஸ் 23 கெஜம். ஒரு அணி நாள் முழுக்க ஓடிப் பின்னால்தான் போனதா? இல்லை. அந்த 28இல் 8, குவார்ட்டர்பேக் டில்லன் கேப்ரியல் வாங்கிய சாக். உண்மையான ஓட்டம் அதிகபட்சம் 20தான். ஆரிகன் ஓட்டத்தில் திணறியது உண்மை; ஆனால் மைனஸ் 23 என்ற எண்ணின் பெரும்பகுதி சொல்வது பாஸ் பாதுகாப்பு உடைந்த கதையை. 2023இல் கொலராடோவின் ஷெடூர் சாண்டர்ஸ் 52 முறை சாக் ஆனார். அந்த ஆண்டு அவருடைய அணியின் ஓட்டச் சராசரி நாட்டிலேயே அடிமட்டத்தில் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சுத்தம் செய்வது எளிது. கற்பனையாக ஒரு அணியை எடுத்துக்கொள்வோம். அட்டவணையில் 38 ஓட்டம், 110 கெஜம்; சராசரி 2.9. அதில் 6 சாக், இழப்பு 44 கெஜம். நேரத்தைக் கடத்த குவார்ட்டர்பேக் மண்டியிட்டது 2 முறை, இழப்பு 3 கெஜம். இரண்டையும் விலக்கினால் 30 ஓட்டம், 157 கெஜம், சராசரி 5.2. வரிசை ஓட்டத்துக்கு நன்றாக வழி திறந்திருக்கிறது. பாஸ் பாதுகாப்பில்தான் ஓட்டை. 2.9 என்ற எண் அதைத் தலைகீழாகக் காட்டியிருக்கும்.

அடுத்து, ஓடுபவரின் பங்கைப் பிரிக்க வேண்டும். இதற்கு 'லைன் யார்ட்ஸ்' என்ற கணக்கு உண்டு. வரிசைக் கெஜம் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் இழந்த கெஜத்தை 1.2 மடங்காக வரிசையின் கணக்கில் எழுத வேண்டும். முதல் 4 கெஜம் முழுவதும் வரிசைக்கு. 5 முதல் 10 வரை பாதி வரிசைக்கு, பாதி ஓடுபவருக்கு. அதற்கு மேல் எல்லாம் ஓடுபவருக்கே. ஐந்து ஓட்டங்கள்: மைனஸ் 2, 3, 4, 7, 25. சாதாரணச் சராசரி 7.4. வரிசைக் கணக்கில் அவை மைனஸ் 2.4, 3, 4, 5.5, 7 என்றாகும். கூட்டினால் 17.1, சராசரி 3.4. அந்த 25 கெஜ ஓட்டத்தில் வரிசையின் பங்கு 7தான். மீதி 18 ஓடியவரின் கால்களுக்குச் சொந்தம். இந்தப் பங்கீடு ஒரு மதிப்பீடு மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் வேகமான ஒரு ஓட்டக்காரரின் நிழலில் சுமாரான வரிசை ஒன்று ஒளிந்துகொண்டிருந்தால் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதோடு இரண்டு விகிதங்களைச் சேர்த்தால் போதும். ஒன்று, ஸ்னாப் நடந்த கோட்டிலேயோ அதற்குப் பின்னாலோ நிறுத்தப்பட்ட ஓட்டங்களின் விகிதம். மற்றொன்று, மூன்றாவது அல்லது நான்காவது டவுனில் 2 கெஜமோ அதற்குக் குறைவோ தேவைப்படும்போது ஓடி வென்ற விகிதம். இரண்டாவதை நான் மிகவும் மதிக்கிறேன். எல்லோருக்கும் தெரிந்தே நடக்கும் ஓட்டம் அது, ஒளிவு மறைவுக்கு இடமில்லை. ஆனால் ஒரு பருவத்தில் இப்படிப்பட்ட தருணங்கள் குறைவாகவே வரும் என்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

மூன்றாம் படி: பாஸ் பாதுகாப்பு

'ஆட்டத்துக்கு எத்தனை சாக்' என்ற எண்ணை ஒதுக்கிவையுங்கள். சாக்கை, வீச முயன்ற மொத்த முறைகளால் வகுக்க வேண்டும். அந்த மொத்தத்தில் வீச்சுகளும் சாக்குகளும் சேரும். 40 முறை வீசி 2 சாக் வாங்கிய அணியின் விகிதம் 4.8 சதவீதம். 8 முறை மட்டுமே வீசி 1 சாக் வாங்கிய அணிக்கு 11 சதவீதம். ஆட்டத்துக்கு ஒன்று, ஆட்டத்துக்கு இரண்டு என்று பார்த்தால் இரண்டாவது அணி நல்ல அணியாகத் தெரியும்.

இந்த வேறுபாடு வெறும் காகிதக் கணக்கு அல்ல. 2015 முதல் ஆண்டின் சிறந்த தாக்குதல் வரிசைக்கு ஜோ மூர் விருது தருகிறார்கள். தனி வீரருக்கு இல்லாமல் முழு வரிசைக்கும் தரப்படும் விருது அது. 2023இல் வாஷிங்டன் பெற்றது. 2024இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் ஆர்மி அணி பெற்றது. வாஷிங்டன் வரிசை மைக்கேல் பெனிக்ஸ் பந்தை வீச நேரம் வாங்கிக் கொடுத்த வரிசை. ஆர்மி வரிசை ஆட்டத்துக்குச் சுமார் 300 கெஜம் ஓட வழி திறந்த வரிசை. பந்தை மிகக் குறைவாகவே வீசும் அணி அது. இரண்டும் தத்தம் வேலையில் மிகச் சிறந்தவை. இவற்றை ஒரே சாக் பட்டியலில் மேலும் கீழுமாக அடுக்குவது, நெசவாளியையும் தச்சரையும் ஒரே அளவுகோலால் அளப்பதற்குச் சமம்.

சாக் முழுக்க வரிசையின் குற்றமும் அல்ல. பந்தை நெடுநேரம் கையில் வைத்திருக்கும் குவார்ட்டர்பேக் நல்ல வரிசைக்கும் கெட்ட பெயர் வாங்கித் தருவார். உடனே வீசிவிடுபவர் சுமாரான வரிசையையும் காப்பாற்றிவிடுவார். நெருக்கடி எண்ணிக்கை, அதாவது குவார்ட்டர்பேக்கை எதிரணி எத்தனை முறை நெருங்கி அவசரப்படுத்தியது என்பது கிடைத்தால் அதையும் சாக்கையும் அருகருகே வையுங்கள். நெருக்கடி குறைவு, ஆனால் அதில் பெரும்பங்கு சாக்கில் முடிகிறது என்றால் குவார்ட்டர்பேக்கைப் பாருங்கள். நெருக்கடி அதிகம், சாக் குறைவு என்றால் வரிசையின் ஓட்டையைக் குவார்ட்டர்பேக் மூடிக்கொண்டிருக்கிறார். இன்னும் வேகமான தடுப்பு வரிசை வரும் நாளில் அது வெளியே வந்துவிடும்.

கல்லூரி ஆட்டத்துக்கே உரிய ஒரு விதியையும் நினைவில் வையுங்கள். இங்கே பாஸ் வீசும்போது தாக்குதல் வரிசையினர் 3 கெஜம் வரை முன்னே போகலாம். தொழில்முறையில் 1 கெஜம்தான். அதனால் ஓட்டத்தைப் போல முன்னேறிவிட்டுக் கடைசி நொடியில் பந்தை வீசும் உத்தி கல்லூரியில் செழிக்கிறது. அந்த உத்தியை நம்பியிருக்கும் அணியின் வரிசை, உண்மையிலேயே பின்னால் நின்று மூன்று நொடி பாதுகாக்கும் திறன் கொண்டதா என்பது சாதாரணச் சூழலில் தெரியாது. ஆகவே இரண்டாவது டவுனில் 8 கெஜத்துக்கு மேலும், மூன்றாவது, நான்காவது டவுன்களில் 5 கெஜத்துக்கு மேலும் தேவைப்பட்ட சூழல்களை மட்டும் தனியே எடுத்து அதே விகிதத்தைக் கணக்கிடுங்கள். பாஸ் வரப்போகிறது என்று எதிரணிக்குத் தெரிந்த பிறகும் நிற்கிற வரிசையைத்தான் நம்பலாம்.

நான்காம் படி: தடுப்பு வரிசை

தடுப்பு வரிசையை சாக் எண்ணிக்கையால் மட்டும் அளப்பவர்கள் 2021 ஜார்ஜியா அணியை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மிச்சிகனின் ஏய்டன் ஹட்சின்சன் 14 சாக் எடுத்தார். ஜார்ஜியாவின் டிராவன் வாக்கர் எடுத்தது 6. ஆனால் 2022 வீரர் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டவர் வாக்கர், ஹட்சின்சன் இரண்டாவது. ஜார்ஜியாவின் நடுத்தூணாக நின்ற ஜோர்டன் டேவிஸ் சாக் பட்டியலில் கண்ணில்கூடப் படமாட்டார். சுமார் 155 கிலோ எடை. ஒவ்வொரு முறையும் இரண்டு பேரைத் தன்மேல் இழுத்துக்கொள்வார். அப்படி இழுத்ததால் பின்னால் நின்றவர்களைத் தடுக்க ஆள் இல்லாமல் போனது. அந்த ஆண்டின் சிறந்த உள்வரிசை வீரருக்கான அவுட்லேண்ட் விருது டேவிஸுக்குத்தான் போனது. ஜோ மூர் விருது பெற்ற மிச்சிகன் வரிசை, 2021 டிசம்பர் 31 அன்று ஆரஞ்ச் பௌலில் இந்த ஜார்ஜியாவைச் சந்தித்தது. முடிவு 34–11, ஜார்ஜியாவுக்கு.

எனவே தடுப்பு வரிசைக்கு நான் பார்ப்பவை இவை. கோட்டிலேயே நிறுத்திய ஓட்டங்களின் விகிதம். நான்கு பேர் மட்டும் பாய்ந்து உண்டாக்கிய நெருக்கடி. பின்வரிசையிலிருந்து ஐந்தாவது, ஆறாவது ஆளை அனுப்பி எடுத்த சாக்கை வரிசையின் கணக்கில் எழுதக் கூடாது. 'ஹேவக்' விகிதம், அதாவது எதிரணியைப் பின்னுக்குத் தள்ளியது, பந்தைத் தட்டியது, பிடுங்கியது எல்லாம் சேர்ந்து மொத்த ஸ்னாப்புகளில் எத்தனை சதவீதம் என்பது. அதிலும் முன்வரிசையின் பங்கை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். கடைசியாக, முதல் காற்பகுதியில் ஒரு ஓட்டத்துக்கு எத்தனை கெஜம் விட்டார்கள், நான்காம் காற்பகுதியில் எத்தனை என்ற ஒப்பீடு. ஆள் பற்றாக்குறை அங்கேதான் வெளிப்படும். எதிரணி ஆள் மாற்றாமல் வேகவேகமாக ஸ்னாப் செய்தால், தடுப்பு அணிக்கு ஆள் மாற்ற அவகாசம் கிடைப்பதில்லை. களைத்த நால்வர் களத்திலேயே மாட்டிக்கொள்வார்கள்.

ஐந்தாம் படி: எதிரணியையும் ஸ்கோரையும் கழியுங்கள்

ஆர்மியின் 300 கெஜத்துக்குத் திரும்புவோம். அந்த அணி 2024 நவம்பர் 23 அன்று நியூயார்க்கில் நோட்ர டேமிடம் 49–14 என்று தோற்றது. விருது தவறு என்று இதற்குப் பொருள் அல்ல. பருவச் சராசரி, எதிரே நின்றவர்களின் சராசரியையும் சுமந்துகொண்டு வருகிறது என்பதே பொருள்.

கையாலேயே திருத்தம் செய்யலாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும், அந்த எதிரணி தன் மற்ற ஆட்டங்களில் சராசரியாக எவ்வளவு விட்டுக்கொடுத்தது என்று பாருங்கள். நம் அணி 5.2 எடுத்தது, எதிரணி வழக்கமாக விடுவது 4.1 என்றால் பிளஸ் 1.1. வழக்கமாக 5.8 விடும் அணியிடம் 5.2 எடுத்தால் மைனஸ் 0.6. இப்படி எல்லா ஆட்டங்களையும் கூட்டிச் சராசரி எடுங்கள். பருவத் தொடக்கத்தில் கீழ்ப்பிரிவு அணிகளோடு ஆடிய ஆட்டங்களை முற்றிலும் விலக்கிவிடுங்கள். நான்காம் காற்பகுதியில் மூன்று டச்டவுனுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதன் பிறகு நடந்ததையும் விலக்குங்கள். அங்கே நிற்பவர்கள் பெரும்பாலும் மாற்று ஆட்கள்.

ஸ்கோர் செய்யும் மாயத்தை ஆரிகன்–ஒஹாயோ ஸ்டேட் ஜோடி தெளிவாகக் காட்டும். 2024 அக்டோபர் 12 அன்று இரண்டும் யூஜீனில் மோதின. ஆரிகன் 32–31 என வென்றது. அன்று ஒஹாயோ ஸ்டேட்டுக்கு ஒரு சாக்கூடக் கிடைக்கவில்லை. மூன்று மாதம்கூட ஆகவில்லை, ரோஸ் பௌலில் அதே ஜோடியில் 8 சாக். ரோஸ் பௌலில் முதல் பாதியிலேயே ஒஹாயோ ஸ்டேட் 34–0 என்று முன்னேறிவிட்டது. பின்தங்கிய அணி வீசியே ஆக வேண்டும். ஓட்டத்தைப் பற்றிய பயமின்றித் தடுப்பு வரிசை பாயும். தடுப்பு வரிசையின் முன்னேற்றமும் அதில் உண்டு, ஸ்கோரும் உண்டு. இரண்டையும் பிரிக்க ஒரே வழி, ஆட்டம் சமநிலையில் இருந்தபோது நடந்ததை மட்டும் தனியே பார்ப்பது.

ஆறாம் படி: கண்ணால் பாருங்கள்

எண்கள் சந்தேகத்தை எழுப்பும். தீர்ப்பு கண்ணில்தான் கிடைக்கும். பதிவு செய்த ஆட்டத்தை இரண்டாம் முறை போடும்போது பந்தைத் தொடரும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஸ்னாப்பிலிருந்து மூன்று நொடி சென்டரை மட்டும் பாருங்கள். பிறகு இரு கார்டுகள். பிறகு டேக்கிள்கள். ஒரே ஆட்டத்தில் இருபது ஸ்னாப்புகளை இப்படிப் பார்த்தால் போதும். முதல் நாள் கண் வலிக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும்.

என்ன பார்ப்பது? 2024 ஜனவரி 1 அன்று நடந்த ரோஸ் பௌலின் கடைசி ஸ்னாப்பை நான் எத்தனை முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. கூடுதல் நேரம். மிச்சிகன் 27, அலபாமா 20. நான்காவது டவுன், 3 கெஜக் கோடு. அலபாமாவின் வலது டேக்கிள் ஜே.சி. லேதம், சுமார் 163 கிலோ. அந்தப் பக்கத்து ஓரத்தில் மிச்சிகனின் ஜொசையா ஸ்டீவர்ட், சுமார் 111 கிலோ. சென்டர் தந்த ஸ்னாப் தாழ்வாக வந்தது. ஜேலன் மில்ரோ குனிந்து எடுத்தார். அந்த இடைவெளியில் ஸ்டீவர்ட்டின் தோள் லேதமின் நெஞ்சுக்குக் கீழே நுழைந்துவிட்டது. லேதமின் கால்கள் நிமிர்ந்தன. உடல் பின்னால் போனது. மில்ரோ ஓட வேண்டிய பாதையில் அவருடைய சொந்த டேக்கிளின் முதுகே வந்து நின்றது. ஆட்டம் அங்கே முடிந்தது.

50 கிலோ குறைந்தவர் எப்படித் தள்ளினார்? யாருடைய தோள் கீழே இருக்கிறதோ அவர் தள்ளுவார். யாருடைய கைகள் உள்ளே, நெஞ்சுக்கு நேராக இருக்கின்றனவோ அவர் ஆட்டுவிப்பார். அணிகள் வெளியிடும் எடைப் பட்டியலை வைத்து வரிசைகளை ஒப்பிடுவதை இதனால்தான் நான் நம்புவதில்லை. இடுப்பு வளைகிறதா, முழங்கால் வளைகிறதா என்று பாருங்கள். இடுப்பில் வளைபவர் முன்னால் விழுவார். முழங்காலில் வளைபவர் நிற்பார்.

இன்னொன்று, ஆள் கைமாறுவது. தடுப்பு வரிசையின் இருவர் பாயும்போது ஒருவர் மற்றவருக்குப் பின்னால் சுற்றிவருவார்கள். அப்போது கார்டும் டேக்கிளும் தங்கள் ஆளை ஒருவருக்கொருவர் ஒப்படைக்க வேண்டும். நல்ல வரிசையில் இருவரின் தோள்களும் ஒரே மட்டத்தில் இருக்கும்; ஒப்படைப்பு தெரியாமலே நடக்கும். பழகாத வரிசையில் ஒருவர் தன் ஆளைத் துரத்திக்கொண்டு போவார், நடுவே கதவு திறந்துகொள்ளும். ஓட்டத்தில் பார்க்க வேண்டியது இருவர் சேர்ந்து ஒருவரைத் தள்ளும் இடம்: ஒருவர் சரியான நொடியில் பிரிந்து பின்னால் நிற்கும் லைன்பேக்கரைப் பிடிக்கிறாரா? சீக்கிரம் பிரிந்தால் முன்னால் இருப்பவர் தப்புவார். தாமதமானால் பின்னால் இருப்பவர் வந்துவிடுவார்.

மைதானத்தின் அமைப்பையும் கவனியுங்கள். கல்லூரி மைதானத்தில் பந்து வைக்கும் இரு கோடுகளுக்கு இடையே 40 அடி, தொழில்முறையில் 18.5 அடிதான். பந்து ஒரு ஓரக் கோட்டில் வைக்கப்பட்டால் ஒரு பக்கம் பரந்த வெளி, மறுபக்கம் குறுகிய சந்து. அணியின் சிறந்த ஓரத் தடுப்பாளர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைக் குறித்துவையுங்கள்; எந்த டேக்கிள் அவரை அதிகம் சந்திப்பார் என்பது அதிலிருந்து தெரியும்.

ஏழாம் படி: எதிரெதிரே நிறுத்துங்கள்

ஒரு ஆட்டத்தில் நான்கு வரிசைகள் உண்டு. இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். 'சிறந்த தாக்குதல் வரிசை எங்களிடம்' என்ற பேச்சு பாதி ஆட்டத்தை மட்டும் பார்க்கிறது.

2024 ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் நடந்த இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். ஜோ மூர் விருதோடு வந்தது வாஷிங்டன். அரையிறுதியில் டெக்சாஸ் அணியின் பெரும்பெயர் பெற்ற உள்வரிசையைத் தாங்கி நின்று, பெனிக்ஸ் 430 கெஜம் வீச வழி செய்த வரிசை அது. ஆனால் மறுபக்கம், வாஷிங்டனின் தடுப்பு வரிசைக்கு எதிரே மிச்சிகனின் தாக்குதல் வரிசை; அந்தப் பக்கத்து இடைவெளிதான் ஆட்டத்தைத் தீர்த்தது. மிச்சிகன் 303 கெஜம் ஓடியது. நான்கு டச்டவுன்களும் ஓட்டத்திலேயே வந்தன. டோனவன் எட்வர்ட்ஸின் முதல் இரண்டும் 40 கெஜத்துக்கு மேல். வாஷிங்டன் ஓடியது 46 கெஜம். ஓட முடியாததால் பெனிக்ஸ் 51 முறை வீச வேண்டியிருந்தது, 27தான் கைசேர்ந்தன. முடிவு 34–13.

நோட்டில் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று சந்திப்புகள்: உள்ளே நிற்கும் மூவருக்கு எதிரே அவர்களின் கனமான ஆட்கள், டேக்கிள்களுக்கு எதிரே ஓரத்தில் பாய்பவர்கள், ஒன்றிரண்டு கெஜத் தருணங்கள். மறுபக்கத்துக்கும் அதே மூன்று. ஒவ்வொன்றிலும் இரு தரப்புக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு வித்தியாசத்தை எழுதுங்கள். கூட்டுத்தொகையைவிடப் பெரிய வித்தியாசத்துக்கு அதிக எடை கொடுங்கள்.

ஏன் என்று விளக்கியாக வேண்டும். தாக்குதல் வரிசையில் நால்வர் தங்கள் வேலையைக் கச்சிதமாகச் செய்து ஐந்தாமவர் தோற்றால், அந்த ஸ்னாப் தோற்றதுதான். தடுப்பு வரிசையில் மூவர் தோற்று ஒருவர் வென்றாலே போதும், சாக் கிடைத்துவிடும். ஆகவே தாக்குதல் வரிசைக்கு அதன் பலவீனமான ஆளின் மதிப்பெண்ணைக் கொடுங்கள். தடுப்பு வரிசைக்கு அதன் சிறந்த ஆளின் மதிப்பெண்ணைக் கொடுங்கள். ஐவரின் சராசரி ஏமாற்றும். 2025 ஜனவரி 10 அன்று காட்டன் பௌலில் டெக்சாஸ் 1 கெஜக் கோடு வரை வந்தது. ஓரமாக ஓடப் பார்த்து 7 கெஜம் இழந்தது. நான்காவது டவுனில் ஒஹாயோ ஸ்டேட்டின் ஜாக் சாயர் ஓரத்திலிருந்து வந்து குவின் யூவர்ஸின் கையிலிருந்த பந்தைத் தட்டி, தானே எடுத்து 83 கெஜம் ஓடினார். அந்த ஒரு ஸ்னாப்பில் டெக்சாஸ் வரிசையின் மற்றவர்கள் எவ்வளவு நன்றாகத் தடுத்தார்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

ஆட்டம் தொடங்கியதும் இரு அணிகளும் பந்தோடு தாக்கும் முதல் இரண்டு சுற்றுகளை உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். பலவீனமான கார்டுக்கு உதவியாகச் சென்டர் சாய்கிறாரா? டேக்கிளுக்குப் பக்கத்தில் டைட் எண்டை, அதாவது பந்தைப் பிடிக்கவும் எதிரியைத் தடுக்கவும் செய்யும் ஆளை, நிறுத்துகிறார்களா? அப்படி உதவி போகும் இடம், அந்த அணியின் பயிற்சியாளரும் அதே ஓட்டையைப் பார்த்திருக்கிறார் என்பதற்கான சான்று. உதவி போன பிறகும் அங்கே உடைந்தால், உங்கள் தாளில் அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையால் சுற்றிவிட்டு, அடுத்த வாரம் அந்த அணி யாரைச் சந்திக்கிறது என்று அட்டவணையைத் திறங்கள்.